பச்சை எலும்புத் தூள்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு இளம் அதிகாரிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பை. உள்ளே ஜவ்வரிசி மாதிரி வெள்ளைக் குருணை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும்போது அதிலிருந்து பிரித்தெடுத்த பாஸ்பரஸ் உரமாம். வீணாகக் கடலுக்குப் போவதை மீட்டு நிலத்துக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். முதலில் புல் நிலத்தில் தூவிப் பார்க்கப் போகிறார்கள்.

"மேடம், தொண்ணூறுகள்ல நீங்க புல்லுக்கு எலும்புத் தூள் போட்டுப் பார்த்ததா பழைய ஃபைல் ஒண்ணு இருக்கு. பாதியிலேயே நின்னு போயிருக்கு. ஏன் மேடம்?" என்று கேட்டாள்.

மழை வந்து கெட்டுவிட்டது என்று ஏதோ சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் படியிறங்கிய பிறகு வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றிருந்தேன். அந்த ஃபைலில் இருப்பது முழுக்க உண்மையில்லை. உண்மை தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் எங்கள் துறையில் குமாஸ்தாவாக இருந்தார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அடையாறில் இருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கொடுத்தார்கள். அப்போது எனக்கு வயது இருபத்தாறு, பெண் குழந்தைக்கு மூன்று. தி. நகரில் அம்மா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு பஸ் பிடித்துப் போவேன். கண்ணாடிச் சாமான்களைக் கழுவவும், மண்ணை நிழலில் உலர்த்தவும், மரச் சுத்தியால் தட்டிச் சலிக்கவும், தராசில் மூச்சை அடக்கிக்கொண்டு எடை போடவும் ஆறு மாதத்தில் பழகிக்கொண்டேன்.

எங்கள் தலைமை வேதியியலாளர் சேஷாத்ரி சார். மயிலாப்பூர்க்காரர். ஒல்லியான உடம்பு, வெள்ளை அரைக்கைச் சட்டை. வீட்டிலிருந்து கொண்டுவருகிற தயிர்சாதத்தைத் தவிர வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதிகம் பேசவும் மாட்டார். தப்பு செய்தால் திட்டமாட்டார். நாம் செய்த சோதனையை நம் எதிரிலேயே முதலிலிருந்து அவர் மறுபடி செய்வார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத் திட்டே வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும்.

பாஸ்பரஸைத் தமிழில் மணிச்சத்து என்போம். அதைப் பார்க்கிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். சலித்த மண்ணைக் குப்பியில் போட்டு, சோடா உப்புக் கரைசல் ஊற்றி, அரைமணி நேரம் குலுக்கி, வடிகட்டி, அந்தத் தெளிவில் இரண்டு மருந்துகள் சேர்க்க வேண்டும். மெல்ல மெல்ல நீலம் வரும். சத்து எவ்வளவோ அவ்வளவு நீலம். பத்து நிமிடத்துக்குள் கருவியில் வைத்து அளந்துவிட வேண்டும், விட்டால் வெளுக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் மண்ணே போடாத ஒரு வெறும் குப்பியையும் வரிசையில் சேர்த்து எல்லாம் செய்யச் சொல்வார் சார். முதலில் அந்தக் குப்பியைத்தான் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அதில் துளி நீலம் தெரிந்தாலும் அன்றைய வேலை அத்தனையும் கீழே கொட்டவேண்டியதுதான். எங்கள் கண்ணாடியிலோ தண்ணீரிலோ அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் ஏகாம்பரம் வந்தார். நாற்பது வயதிருக்கும். கோட்டூர்புரத்தில் ஆறு மாடு வைத்துக் கறந்து, சைக்கிளில் மயிலாப்பூர் வரை வீடுவீடாகப் பால் ஊற்றுகிறவர். ஒரு துணிப்பையில் ஆற்றங்கரை மண்ணும், இன்னொன்றில் புல்லும் கொண்டுவந்திருந்தார்.

"மாடுங்க எலும்பைக் கடிச்சிக்கினு நிக்குதும்மா. குப்பைல கெடக்கற செருப்பு, கயிறு, எதையும் உடறதில்ல. மாட்டு டாக்டராண்ட கேட்டா, புல்லுலயே சத்து இல்ல, போய் மண்ணைக் காட்டுன்றாரு" என்றார்.

சார் அந்தப் பை மண்ணைத் தொடவில்லை. ஒரே இடத்தில் அள்ளிய மண் பொய் சொல்லும் என்று, மறுநாள் அவரே என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அடையாற்றங்கரையில் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான காலி நிலம் அது. கட்டடம் வரும்வரை மாடு மேய்த்துக்கொள்ளச் சொல்லி ஏகாம்பரத்துக்கு விட்டிருந்தார்கள். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேல்புல்லைச் செதுக்கி, ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி மண் எடுத்தார். எல்லாவற்றையும் கோணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளினார். மிச்சத்தை மறுபடி கலந்தார், மறுபடி தள்ளினார். கடைசியில் அரைக் கிலோ மண் நின்றது.

அந்த மண்ணில் நீலம் வரவே இல்லை என்று சொல்லலாம். வெறும் குப்பிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் கருவி தேவைப்பட்டது.

அந்தச் சமயம்தான் உர விலைக் கட்டுப்பாடு நீங்கி சூப்பர் பாஸ்பேட் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. மாட்டுப் புல்லுக்கு அதை வாங்கிப் போட யாராலும் முடியாது. சார் இரண்டு நாள் யோசித்தார். பிறகு எலும்பு அரைக்கிற ஆலைகளிலிருந்து தூள் மாதிரிகள் வரவழைத்தார். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். அவர் மட்டும் உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தார்.

"மாட்டோட எலும்புல இருந்தது மாட்டுக்கே திரும்பப் போறது. இதுல அருவருப்பு என்ன இருக்கு?" என்றார்.

தூளில் இரண்டு வகை. நீராவியில் வேகவைத்துக் கொழுப்பும் சதையும் போக்கி அரைத்தது ஒன்று. அப்படியே உலர்த்தி நொறுக்கியது இன்னொன்று, அதைப் பச்சை எலும்புத் தூள் என்பார்கள். இரண்டிலும் மணிச்சத்தைப் பார்த்தது நான்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சார் ஏகாம்பரத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். பாதி நிலத்தில் தூவ வேண்டும், பாதியைச் சும்மா விட வேண்டும், ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்துப் புல்லையும் மண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நீராவியில் வேகவைத்த தூளையே வாங்க வேண்டும். தூவியபின் ஒரு மாதம் மாடு உள்ளே வரக்கூடாது. அந்த இரண்டு வரிக்கும் கீழே கோடு போட்டிருந்தார். ஏகாம்பரம் கடிதத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சார், தங்கை பெண் கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போனார். ஐந்து நாள் லீவு. அவர் மேஜைமேல் இருந்த போன் மூன்றாம் நாள் அடித்தது. பக்கத்தில் நான் இருந்தேன், எடுத்தேன். மளிகைக் கடையிலிருந்து ஏகாம்பரம்.

வேகவைத்த தூள் கைவசம் இல்லை, வர மாதமாகும் என்று ஆலையில் சொல்கிறார்கள். பச்சைத் தூள்தான் இருக்கிறது. அதைப் போடலாமா? மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டுமே என்றார்.

நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு எண்ணும் அடுத்தடுத்து, என் கையெழுத்தில்.

"போடலாம். ரெண்டுலயும் சத்து ஒண்ணுதான்" என்றேன்.

மாட்டை எப்போது விடலாம் என்று கேட்டார். ஒரு நல்ல மழை பெய்து தூள் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் விடலாம் என்றேன். கடிதத்தில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வரவில்லை. சார் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் வரவில்லை. யாரோ ஒருவர் முதல்முறையாக என்னிடம் ஆலோசனை கேட்கிறார், எனக்கும் பதில் தெரிகிறது என்ற நினைப்பு. உள்ளதைச் சொன்னால், போனை வைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

சார் திரும்பி வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். வந்த அன்று மாதிரிகள் குவிந்து கிடந்தன. மறந்துபோனேன்.

நல்ல மழை இரண்டு பெய்தது. மூன்று வாரம் இருக்கும், ஒரு காலையில் அலுவலகம் திறக்கும் முன்பே ஏகாம்பரம் வாசலில் நின்றிருந்தார். அன்று பால் ஊற்றப் போகவில்லை. ஒரு மாடு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது, இன்னொன்று தள்ளாடுகிறது, உரத்தில் ஏதாவது இருக்குமோ என்று வந்தேன் என்றார். சார் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. மூன்று பேரும் ஆட்டோவில் ஏறினோம்.

நாங்கள் போனபோது கால்நடை மருத்துவர் அங்கே இருந்தார். ரோஜா என்று ஒரு சிவப்புப் பசு, எட்டு மாதச் சினை. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. காது மட்டும் அசைந்தது. ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொம்பிலிருந்து கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டுக்கொண்டிருந்தார். நாக்கு ஒருபக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கஞ்சி அப்படியே மறுபக்கம் வழிந்தது. விழுங்க முடியவில்லை. மருத்துவர் கன்னியம்மாவின் கையைப் பிடித்து, ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். அந்த அம்மாள் சொம்பைக் கீழே வைக்காமல் வெறுமனே பிடித்துக்கொண்டே இருந்தார். மாட்டுக்கு எல்லாம் தெரிந்தது. நாங்கள் நகர்ந்தால் அதன் கண்ணும் கூடவே நகர்ந்தது.

இவை எலும்பு ஏதாவது தின்றனவா என்று மருத்துவர் கேட்டார்.

சார் புல்லுக்குள் இறங்கினார். குனிந்து குனிந்து எதையோ பொறுக்கிக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டு வந்து பிரித்துக் காட்டினார். தூள் மழையில் கரைந்திருந்தது. ஆனால் விரல்நக அளவுக்குச் சில்லுகள் அப்படியே கிடந்திருக்கின்றன. சிலவற்றில் காய்ந்த நரம்பும் சதையும் ஒட்டியிருந்தன, மழையில் ஊறி அழுகல் வாடை அடித்தது. அழுகிய சதையில் ஒருவகைக் கிருமி வளர்ந்து விஷம் உண்டாக்கும், அது நரம்பைக் கட்டிப்போட்டுவிடும் என்று மருத்துவர் சொன்னார். கால், நாக்கு, கடைசியில் மூச்சு. மாற்று மருந்து இங்கே கிடைக்காது என்றார்.

எலும்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த மாடுகள். அந்த ஏக்கத்தைத் தீர்க்கத்தான் உரம் போடச் சொன்னோம். நாங்கள் தூவியதை அவை தேடித் தேடிப் பொறுக்கித் தின்றிருக்கின்றன.

திரும்பும்போது ஆட்டோவில் சார் கேட்டார்: "வேகவெச்சதுன்னு எழுதியிருந்தேனே?"

"போன்ல கேட்டார் சார். நான்தான் பச்சையும் போடலாம்னு சொன்னேன். மழை பேஞ்சதும் மாட்டை விடலாம்னும் நான்தான் சொன்னேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆட்டோ பாலம் தாண்டி, சிக்னலில் நின்று, மறுபடி கிளம்பியது. பிறகு, "நீ இன்னும் பர்மனென்ட் ஆகலை, இல்லையா?" என்றார். ஆகவில்லை என்றேன். "ஆத்துல கொழந்தை இருக்கு. இதை வேற யார்ட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார்.

அன்று அவர் அந்த எலும்புச் சில்லுகளை மேஜையில் தாளின்மேல் பரப்பிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவியதையே மறுபடி கழுவினேன்.

ஒரு வாரத்துக்குள் நாலு மாடுகள் போய்விட்டன. ஒன்று எப்படியோ தேறி எழுந்தது. இன்னொன்று கன்று போட்டிருந்ததால் வீட்டிலேயே கட்டிக் கிடந்தது, அது தப்பியது. ஏகாம்பரம் அந்த இரண்டையும் விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அறக்கட்டளையிலிருந்து மேலிடத்துக்குப் புகார் போயிற்று. சாருக்கு மெமோ வந்தது. பச்சை எலும்புத் தூளைப் போடச் சொன்னது யார்? அவர் என்னைக் கூப்பிடாமல், தன் கையாலேயே பதில் எழுதி, நகலை ஃபைல் செய்யச் சொல்லி என்னிடம் கொடுத்தார். 'லீவில் போவதற்கு முன், எந்தத் தூளானாலும் பயன்படுத்தலாம் என்று உதவியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தேன். அவர் அதைத்தான் தெரிவித்தார். மேய்ச்சல் தொடர்பான எச்சரிக்கையில் கவனக் குறைவும் என்னுடையதே.' இதுதான் அந்த ஃபைலில் இருக்கிறது.

வாழ்நாளில் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாத மனிதர். அந்தக் காகிதத்தை நான் துளையிட்டு, கயிறு கோத்து, அலமாரியில் வைத்தேன். மேலிடத்துக்குப் போய், அது பொய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. குழந்தையை நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் அதையே சொல்லிக்கொண்டேன். ஒரு வருடத்தில் எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வரவேண்டிய பதவி உயர்வு சாருக்கு வரவில்லை. அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற ஒருவர் அவருக்கு மேலதிகாரியாக வந்தார். சார் எழுந்து நின்று அவருக்கு வணக்கம் சொன்னதை நான் பார்த்தேன்.

என்னிடம் அவர் நடந்துகொண்டதில் எந்த மாற்றமும் இல்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மாதிரி வாங்கும்போது நிரப்புகிற படிவத்தில் மட்டும், ஸ்கேல் வைத்து, பேனாவால் புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். 'இந்த நிலத்தில் கால்நடை மேயுமா?' அச்சடித்த படிவம் வரும்வரை ஒவ்வொரு தாளிலும் அவரே கோடு போட்டார். ஓய்வு பெறும்வரை ஆயிரக்கணக்கான பேரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சாதாரணமாகக் கேட்டதில்லை.

சார் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் மாரடைப்பில் காலமானார். மயிலாப்பூர் வீட்டுக்குப் போயிருந்தேன். சார் வீட்டு மாமி என் பெயரைக் கேட்டதும், "நீங்கதானா விமலா? கை சுத்தமான பொண்ணுன்னு சொல்லிண்டே இருப்பார்" என்றார். அதற்குமேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் தூக்கம் கெட்டது. ஏகாம்பரத்திடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. தோன்றியதிலிருந்து கிளம்பியதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. கோட்டூர்புரத்தில் விசாரித்தேன். அடையாறில் ஒரு புது அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேனாக இருப்பதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அன்று போனில் சொன்னது நானாகச் சொன்னது, சார் அப்படி எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை, அவர் எழுதிக் கொடுத்ததெல்லாம் என்னைக் காப்பாற்ற எழுதியது என்று.

ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா சொல்ற நீ? சாரு சொல்லித் தரலியா?"

"இல்லை."

"நீங்க ரெண்டு பேரும் வந்துட்டுப் போனதுக்கு மறுநாளு அவரு தனியா வந்தாரும்மா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"ரோஜாவை அப்பத்தான் கார்ப்பரேசன் லாரில ஏத்திக்கினு இருந்தாங்க. வயித்துல கன்னுக்குட்டி. கன்னி மண்ணுல புரண்டு அழுதுக்கினு கெடந்தா. இவரு வந்து நின்னு, அந்தப் பொண்ணு நான் சொல்லச் சொன்னதத்தான் சொல்லுச்சு, தப்பு என்னுதுன்னாரு. எனக்கு இன்னா ஆச்சோ தெரியல. கை நீட்டிட்டேன்மா. பளார்னு உட்டேன். கண்ணாடி போய் சேத்துல உழுந்துச்சு."

அவர் குரல் தாழ்ந்தது.

"கண்ணாடிய எடுத்து வேட்டில தொடச்சிப் போட்டுக்கினாரு. மிச்ச மாட்டப் புல்லுகிட்ட உடாத, தண்ணி வாயில ஊத்தாத, டாக்டரு சொல்றதக் கேளுன்னு சொல்ட்டுப் போய்ட்டாரு. அவரு சொன்னாப்பல செஞ்சதாலதான் ரெண்டு மாடாவது பொழச்சுது."

ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் போய்க் கேட்டைத் திறந்து, நெற்றியில் கை வைத்து வணக்கம் சொல்லி, மூடிவிட்டு வந்தார். இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை அவர் திட்டவில்லை, போனது போகட்டும் என்றும் சொல்லவில்லை. அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

நான் கிளம்பியபோது கேட் வரை கூட வந்தார்.

"சார நீ பாப்பேல்ல? ஏகாம்பரம் மாப்பு கேட்டான்னு சொல்லும்மா. நானே வந்து கால்ல உழுவேன், எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது. நீ சொல்லு. மறக்காம சொல்லு."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்றேன்" என்றேன்.

சார் இறந்துவிட்டதை அவரிடம் சொல்லாமலே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.